காக்கை தொடாத பங்கு

வீரராகவன் தனியாகத்தான் சாப்பிடுவான்.

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்குகிற கம்பெனி ஒன்றில் அவனும் நானும் ஒன்பது வருஷமாக ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறோம். நான் மேஸ்திரி. ஸ்கிராப்பை உலைக்குள் தள்ளுகிற ஆட்கள் என் பொறுப்பு. சாப்பாட்டு மணி அடித்தால் எங்கள் ஆட்கள் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் ஒரு பெரிய டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து, ஆளுக்கு ஒரு கை எதையாவது அதில் போடுவார்கள். கருவாடு, முட்டை, கீரை, எல்லாம் அதில் விழும். யார் வீட்டுக் குழம்பு யார் வாயில் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பீகார், ஒடிசா பையன்களும் வந்து உட்காருவார்கள். சோற்றை அவர்கள் ‘பாத்’ என்பார்கள். முதலில் சிரித்தோம். பிறகு நாங்களே ‘டேய், பாத் துன்ன வாடா’ என்று கூப்பிடப் பழகிவிட்டோம்.

ராகவன் மட்டும் ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுவான். அங்கே காம்பவுண்டு சுவரோரம் ஒரு காலி ஆயில் டிரம் கிடக்கும். அதன்மேல் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிடுவான்.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். நெல் வயல் உள்ள குடும்பம். போர்வெல்லில் தண்ணீர் கீழே போனது, தம்பிக்குக் கல்யாணம் ஆனது, இருக்கிற வயல் இரண்டு குடும்பத்துக்குக் காணாது என்று ஆனது. பெண்டாட்டி மணியம்மாளை ஊரில் விட்டுவிட்டு இங்கே வந்து ரூம் எடுத்தான். ஊரில் அவன் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் இறங்கிய ஆட்களின் சனம்தான் இங்கே அவன் பக்கத்தில் நின்று ஸ்கிராப் தள்ளியது. அது அவனுக்குள் எப்படிக் கிடந்தது என்று அவன் வாயைத் திறந்து சொன்னதில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதைப் பார்த்தால் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அவன் அப்பா இறந்தார். கடைசியில் பெரியவன் கையால் ஒரு வாய் கஞ்சி வேண்டும் என்று கேட்டாராம். பெரியவன் இங்கே டபுள் டியூட்டியில் நின்றான். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சேதி தெரிந்து போனபோது வாய்க்கரிசி போடத்தான் முடிந்தது. அன்றிலிருந்து ஒரு அமாவாசை விடாமல் அப்பாவுக்குச் சோறு வைத்தான். வேலை நாளாக இருந்தாலும், விடிவதற்கு முன் எழுந்து ரூமில் சமைத்து, பருப்பும் நெய்யும் போட்டு, டப்பாவோடு வாழை இலையும் கொண்டுவருவான். உச்சிப் பொழுதில் சுவர்மேல் இலையைப் போட்டுக் காக்கையைக் கூப்பிடுவான். காக்கை தொட்ட பிறகுதான் அவன் வாயில் சோறு.

நெற்றியில் நாமம், சனிக்கிழமை ஒரு வேளை, புரட்டாசி முழுக்க மீன் வாசம் அடித்தாலே அரை பர்லாங்கு தள்ளி நிற்பது. பக்தி என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் அவனைத்தான் காட்டியிருப்பேன். பக்தி என்றால் ஒதுங்கி நிற்பது, தட்டை மூடிக்கொள்வது. நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான். எனக்கு அதெல்லாம் கிடையாது. சம்பளத் தேதியைத் தவிர வேறெதையும் நான் நம்பியதில்லை.

ஜெயராஜ் இதற்கு நேர் எதிர். மீஞ்சூர்க்காரன், மாதா கோயிலுக்குப் போகிற ஆள், வாய் ஓயாது. உலைக்குப் போகிற ஸ்கிராப்பைக் கீழே யார்டில் பிரித்துப் போடுவது அவன் வேலை. மூடிய டப்பா, இரண்டு பக்கமும் நசுங்கிய பைப், இப்படி உள்ளே தண்ணீரோ எண்ணெயோ மாட்டிக்கொண்ட சாமான் உலைக்குள் போனால் வெடிக்கும். அதைத்தான் அவன் பொறுக்கி எடுப்பான். ராகவன் மேலே, உலைவாய்ப் பக்கம் பிளாட்பாரத்தில் நின்று தள்ளுவான். கீழே ஒருத்தன், மேலே ஒருத்தன். ஜெயராஜ் கீழேயிருந்து கிண்டல் பண்ணுவான், ராகவன் மேலேயிருந்து முறைப்பான். பொழுது அப்படித்தான் போனது.

போன வருஷம் ஆடி அமாவாசை. எங்கள் கேன்டீன் பக்கம் காக்கை கூட்டமாகச் சுற்றும். அங்கே போய் இலையை வைத்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ராகவன் வைக்க மாட்டான். அது ஊரார் எச்சிலைத் தின்கிற காக்கை, அப்பாவுக்கு வைத்ததை அது தொடக்கூடாது என்பான். உலைச் சூட்டுக்கும் புகைக்கும் ஷெட்டுக்குப் பின்னால் பறவை வருவதே அபூர்வம். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடிக்கப் போகிறதே என்று நான் அவனைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னாலேயே ஜெயராஜ் அங்கே போய் டிரம்மில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

“இன்னா ராகவண்ணா, உங்க நைனா இன்னும் வர்ல?”

“சும்மா போடா.”

“ஆலங்காட்லேந்து வரணும்ல. ரெண்டு வண்டி மாறணும். பேசின் பிரிட்ஜாண்ட நிக்கறாரோ இன்னாவோ.”

ராகவன் சுவரைப் பார்த்து ‘கா… கா…’ என்றான்.

“காக்கா வர்லன்னா இப்டி குடுண்ணா, நான் துன்னுட்டுப் போறேன். நானும் கறுப்பு தான்.” ஜெயராஜ் கையை நீட்டினான்.

ராகவன் இலையைச் சடக்கென்று தன் பக்கம் இழுத்தான். “கை வெக்காத. அப்பாக்கு வெச்சது. எச்சி ஆய்டும்.”

“தொடவே இல்ல, அதுக்குள்ள எச்சியா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நீட்டிய கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். அப்புறம் மணி அடித்தது. ராகவன் என்னைப் பார்த்து, “அஞ்சு நிமிசம் மேஸ்திரி, ஒரு வாய் தொட்டுட்டா வந்துடுவேன்” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயராஜ், “நான் மேல நிக்கறேன் மேஸ்திரி. நைனாவ பட்டினி போட்டுட்டு வந்தா இவரு மூஞ்சப் பாத்தா இரும்பே உருகாது” என்று சொல்லிவிட்டுப் போனான். ஆள் மாற்றி நிற்பது எங்களிடம் தினமும் நடக்கிறதுதான்.

கீழே பார்க்கிற கண் மேலே போய்விட்டது. யார்டிலிருந்து வந்த ஒரு லோடில், வாய் மூடிய பைப் துண்டு ஒன்று இருந்திருக்கிறது. உலை வெடித்ததைப் பற்றி நிறைய எழுத எனக்கு மனசில்லை. ஷெட் முழுக்க ஒரு வெளிச்சம், பிறகு கூரைத் தகரத்தின் மேல் மழை பெய்வது போலச் சத்தம். ஜெயராஜைக் கீழே இறக்கும்போது ஒன்றும் மிச்சமில்லை. ஆம்புலன்ஸ் வந்து என்ன செய்ய.

மீஞ்சூரில் அடக்கம் பண்ணினார்கள். ராகவன் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து, வேறு யாருக்கோ சொல்வது போலச் சொன்னான்.

“சத்தம் கேட்டப்போ தான் வந்துச்சு மேஸ்திரி.”

“எது?”

“காக்கா. வெடிச்ச சத்தத்துக்குப் பறந்து ஓடணுமே, ஓடல. சுவுத்து மேல வந்து குந்துச்சு. இலையப் பாத்துச்சு. என்னப் பாத்துச்சு. தொடல.”

“சூட்டுக்கு பயந்துருக்கும்டா.”

“கழுத்துல சாம்பல் இல்ல மேஸ்திரி. மொத்தமும் கறுப்பு.”

எங்கள் பக்கம் திரிவதெல்லாம் கழுத்தில் சாம்பல் பூசின காக்கைதான். அண்டங்காக்கையை நான் அங்கே பார்த்ததில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த அமாவாசைக்கும் அது வந்தது. அதற்கு அடுத்ததுக்கும் வந்தது. நானே பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன். ஷெட் கூரையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். ராகவன் இலையைப் போட்டால் சுவருக்கு இறங்கும். இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். அவன் பின்னால் நகர்வான், திரும்பிக்கொள்வான், போய்விட்டது போல ஒளிந்து நிற்பான். சோறு காய்ந்து இலையில் ஒட்டும் வரை அது அப்படியே நிற்கும். பிறகு கூரைக்குப் போய்விடும். நான் ஒரு தரம் கல்லை எடுத்தேன். ராகவன் என் கையைப் பிடித்த பிடியில் மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது.

காக்கை தொடவில்லை என்றால் செத்தவருக்கு மனக்குறை என்று ஊரில் சொல்வார்கள். ராகவனுக்கு யாருடைய குறை என்று சந்தேகமே இல்லை. அமாவாசைக்கு மட்டும் வைத்தவன் தினமும் வைக்க ஆரம்பித்தான். தினமும் அது தொடவில்லை. தொடாததால் அவனும் பகலில் சாப்பிடவில்லை. ரூமுக்குப் போனால் மட்டும் எதையாவது தின்கிறானா என்றால், சோற்றைப் பிசைந்து கை உயர்ந்ததும், எதிரே இன்னொரு கை நீட்டிக்கொண்டு இருக்கிறது என்பான். உள்ளங்கையில் இரும்புத் துரு. ஜெயராஜ் கை அப்படித்தான் இருக்கும். கழுவினாலும் போகாது.

“துன்றியா இல்லியான்னு கேக்குதா?” என்று ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன்.

“ஒன்னும் கேக்கல மேஸ்திரி. சும்மா நீட்டிக்கினு கீது.”

ஐப்பசி மாதம் தாண்டியபோது பெல்ட்டில் புது ஓட்டை போட்டான். கார்த்திகையில் பிளாட்பாரத்தில் ஏறும்போது தலை சுற்றி விழப் பார்த்தான். உலைவாய்ப் பக்கம் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவனைக் கீழே யார்டுக்கு மாற்றினேன். ஜெயராஜ் நின்ற இடம். வேறு இடம் இல்லை. மணியம்மாள் எனக்குப் போன் போட்டாள். பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவள், பேச்சில் பாதி தெலுங்கு வாடை அடிக்கும்.

“நைனா, ஊருக்கு வந்தாலும் சோத்த மூடி வெச்சிட்றாரு. ஆள் எலும்பா பூட்டாரு. மந்திரிச்சாச்சு, தாயத்து கட்டியாச்சு. நீங்களே எதுனா பண்ணுங்க. எனக்கு அவரு ஒருத்தரு தான்.”

எனக்கு என்ன தெரியும்? எல்லோரும் சொல்கிறதைத்தான் நானும் சொன்னேன். தை அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு, அங்கே கரையில் சோறு வைக்கச் சொன்னேன். உடம்பு நோவு கரைய வேண்டும் என்று சனங்கள் அந்தக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். இவனுக்குப் பேரே அந்தச் சாமி பேர்தான். தனியாக விட பயமாக இருந்ததால் லீவு போட்டுவிட்டு நானும் போனேன்.

அன்றைக்குக் குளத்தங்கரையில் கால் வைக்க இடமில்லை. வெல்லம் கரைந்து தண்ணீர் ஓரமெல்லாம் பழுப்பாக இருந்தது. ராகவன் இடுப்பளவு இறங்கி, கையிலிருந்த உருண்டையை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கரைத்தான். பிறகு மேலே வந்து, ஈர வேட்டியோடு ஒரு ஓரத்தில் இலையை விரித்துச் சோற்றை வைத்தான். அந்தப் பக்கம் வரிசையாக இலைகள். காக்கைகள் இறங்கிப் பிய்த்துத் தின்றன. இவன் இலைக்கு வலப்பக்கத்து இலை காலி. இடப்பக்கம் காலி. இவன் இலையில் ஒரு பருக்கை அசையவில்லை. பக்கத்தில் இலை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அவனைப் பார்த்துவிட்டுத் தன் பேரனை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நான் மேலே பார்த்தேன். மண்டபத்து உச்சியில், மொத்தமும் கறுப்பாக, ஒன்று உட்கார்ந்திருந்தது. அதுவேதானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கோயில் பந்தலில் யாரோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் குரல் குளம் முழுக்கக் கேட்டது. நான் அதுவரை காதில் வாங்கவில்லை.

“பக்தி பக்தின்னு சொல்றோமே, அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்தது? வடமொழியில ‘பஜ்’னு ஒரு வேர். பஜ்னா பிரிச்சுக் கொடுக்கறது, கொடுத்ததுல பங்கு எடுத்துக்கறது. முதல்ல அவ்வளவுதான் அர்த்தம். கும்பிடறதுங்கறதெல்லாம் பின்னாடி வந்து சேர்ந்தது. பங்கு இருக்கறவன் பக்தன். வெந்த சோத்துக்கும் அதே வேர்லேர்ந்துதான் பேரு. வடக்கே போனேள்னா இன்னிக்கும் சோத்தை பாத்னு சொல்லுவா. ஏன், தமிழ்ல பாருங்கோ. வயலை வாரத்துக்கு விடறோம். வாரம்னா பங்கு. பழைய தமிழ்ல அதே வாரத்துக்கு அன்புன்னும் அர்த்தம் உண்டு. ரெண்டு பாஷையிலயும் பங்கும் அன்பும் ஒரே இடத்துல போய்…”

அங்கே கதை நின்றது. வேறு குரல் வந்து, தேரடியில் வழியை மறித்து நிற்கிற வெள்ளைக் காரை உடனே எடுக்கும்படி சொன்னது. அப்புறம் நாதஸ்வரம் போட்டுவிட்டார்கள்.

‘பாத்’ என்றதும் எங்கள் ஷெட் வட்டமும் நடுவில் கிடக்கிற மூடியும் என் கண்ணில் வந்தது. அந்தப் பையன்கள் தினமும் சாமி பேரையா சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தேன். ராகவனிடம் அதைச் சொல்லலாம் என்று திரும்பினால், அவன் இலையோடு சோற்றை மடித்து டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தான்.

“எங்க?”

“மீஞ்சூருக்கு.”

“அங்க இன்னாடா?”

“அவன் ஊட்டுக்கு.”

ஈர வேட்டியோடுதான் ரயில் ஏறினான். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஆவடி தாண்டியதும் சொன்னான்.

“ஒம்போது வருசமா தனியா துன்னுகினு இருந்தேன் மேஸ்திரி.”

“தெரியும்.”

“நீ ஒரு தரம் கூட கூப்டல.”

“கூப்ட்ருந்தா வந்திருப்பியா?”

“மாட்டேன்” என்றான்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினோம். ஜெயராஜ் சொன்ன அதே இடம். இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வந்தது.

ஜெயராஜின் மனைவி ரோசம்மாள் ஒரு குடோனில் துப்புரவு வேலை பார்க்கிறாள். அன்று அவளுக்கு வார லீவு. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “வாங்க மேஸ்திரிண்ணா” என்றவள், பின்னால் நின்ற ராகவனைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை மறுபடி பக்கெட்டில் போட்டாள்.

“இவரு இன்னாத்துக்கு?”

“பேசணும்னான்.”

“அடக்கத்தன்னிக்கு கேட்டாண்டயே நின்னாரு. உள்ள வந்தா ஒட்டிக்கும்னு நெனச்சாரா?”

ராகவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். காக்கை வராதது, ஜெயராஜ் கையை நீட்டியது, இலையை இழுத்துக்கொண்டது, எச்சில் என்று சொன்னது, தன் இடத்தில் ஜெயராஜ் போய் நின்றது. பிறகு கறுப்புக் காக்கை, தொடாத சோறு. ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்துவிட்டு, “அவன் வாங்க மாட்றான்மா. நானும் ஆறு மாசமா குடுத்துக்கினே கீறேன். வாங்க மாட்றான்” என்றான்.

“என் ஊட்டுக்காரு காக்காவா வரமாட்டாரு” என்றாள் ரோசம்மாள். “மண்ணுல கீறாரு. எழுந்திரிக்கற நாள்ல எழுந்திரிப்பாரு. எங்களுக்கு அதான்.”

“சரிம்மா.”

“சரி இல்ல.” அவள் சுவரில் சாய்ந்து, நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். “அவரு வெளாட்டுக்கு கேட்டாருன்னு நெனச்சியா?”

ராகவன் நிமிர்ந்தான்.

“மொத நாள் ராத்திரி குடிச்சிட்டு வந்தாரு. எப்பியோ ஒருக்கா தான் குடிப்பாரு, அன்னிக்கு குடிச்சிட்டாரு. நான் காலைல அடுப்பு பத்த வெக்கல. நாஷ்டா இல்ல, டப்பா இல்ல. வெறுங்கையோட அனுப்பினேன். போசொல்ல வாசல்ல நின்னு சிரிச்சாரு. ‘பாத்துக்கறேன், எவனாவது போடுவான்’னாரு.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “நான் இத சாமியாருகிட்ட பாவ சங்கீர்த்தனத்துல கூட சொல்லல.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு வட்டத்தில் ஜெயராஜ் இல்லை. இல்லாததை நான் கவனிக்கவும் இல்லை. டப்பா இல்லாமல் வட்டத்தில் வந்து உட்கார அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். மூடியில் போட ஒன்றும் இல்லாதவன் மூடியிலிருந்து எப்படி எடுப்பான்? எங்களில் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனாலும் உட்கார முடியாது. அதனால்தான் தனியாகச் சாப்பிடுகிறவனைத் தேடிப் பின்னால் போயிருக்கிறான். யாரும் தின்ன வராத சோறு ஒன்று அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும்.

ராகவனின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவன் டப்பா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான், மூடி கடகடவென்று சத்தம் போட்டது. ஆறு மாதமாக ஒரு கிண்டலுக்காகப் பட்டினி கிடந்தவன். அது கிண்டல் இல்லை, பசி என்று இப்போது தெரிந்துவிட்டது. அவனை இங்கே வரவிட்டது தப்போ என்று எனக்குத் தோன்றியது. இனி அந்தக் கை எப்படிப் போகும்?

ரோசம்மாள் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள்.

“குடு.”

“இன்னா?”

“அவருக்கு கொண்டாந்தது தானே? குடு இங்க.”

டப்பாவை வாங்கி, இலையைப் பிரித்துத் தரையில் வைத்தாள். காலையில் வைத்த சோறு, குளத்தங்கரை வெயிலில் காய்ந்து, ஓரமெல்லாம் விறைத்திருந்தது. நெய் உறைந்து வெள்ளையாக நின்றது. சிலுவை போட்டுக்கொண்டு, கையால் உடைத்துப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு கவளம். அழுதுகொண்டே தின்றாள் என்று எழுதினால் பொய். பசித்தவள் தின்பது போல, வேகமாக, தலை நிமிராமல் தின்றாள். பாதி இலை காலியானதும் நிறுத்தினாள். இலையைத் தரையோடு தள்ளி ராகவன் பக்கம் திருப்பினாள்.

“துன்னு.”

அவன் இலையைப் பார்த்தான். அவள் விரல் தடம் சோற்றில் அப்படியே இருந்தது.

“எச்சி தான்” என்றாள் ரோசம்மாள்.

தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிந்த பிறகு ராகவன் கையை வைத்தான். முதல் கவளத்துக்கே விக்கினான். அவள் எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் நங்கென்று வைத்தாள். குடித்துவிட்டு மறுபடி சாப்பிட்டான். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். எனக்கும் பசித்தது. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கிற சமயமும் அது இல்லை.

கிளம்பும்போது ராகவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையமர்த்தினாள்.

“இனிமே இங்க கொண்டாராத. ஒவ்வொரு அமாசிக்கும் உன் மூஞ்சப் பாத்துக்கினு என்னால குந்த முடியாது.”

“வரலம்மா.”

“உடம்பப் பாத்துக்க.” அதைக் கோபமாகத்தான் சொன்னாள். பிறகு பக்கெட்டிலிருந்து துணியை எடுத்து உதற ஆரம்பித்தாள்.

மாசி அமாவாசைக்கு ராகவன் ஷெட்டுக்குப் பின்னால் போகவில்லை. டப்பாவையும் இலையையும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வட்டத்துக்கு அருகில் நின்றான். ஒடிசாப் பையன் ஒருவன் மட்டும் நகர்ந்து இடம் விட்டான். ராகவன் உட்கார்ந்து சோற்றை இரண்டாகப் பிரித்தான். ஒரு பாதியை நடுவிலிருந்த மூடியில் போட்டான். மிச்சத்தில் ஒரு பிடியை இலையோடு பின்னால், தரையிலேயே வைத்தான். ‘கா கா’ என்று கூப்பிடவில்லை. கேன்டீன் பக்கமிருந்து ஒரு காக்கை தத்தித் தத்தி வந்தது. ஊரார் எச்சிலைத் தின்கிற காக்கை. இலையைப் பார்த்தது, கொத்தியது, மறுபடி கொத்தியது, ஒரு வாய் அள்ளிக்கொண்டு பறந்தது.

“தொட்டுச்சிடா” என்றேன். என்னையும் மீறிச் சத்தமாக வந்துவிட்டது.

ராகவன் திரும்பிப் பார்த்தான். கழுத்தில் சாம்பல் இருந்ததை நானும் பார்த்தேன்.

“இது வேற காக்கா மேஸ்திரி” என்றான்.

கறுப்புக் காக்கை அதற்குப் பிறகு வரவில்லை. ராகவனுக்கு உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. பிளாட்பாரத்துக்குத் திரும்பப் போகச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டான். யார்டிலேயே நிற்கிறான். ஒவ்வொரு பைப்பையும் தட்டிப் பார்க்கிறான், இரண்டு தரம் தட்டுகிறான். டப்பா கொண்டுவராதவன் யாராவது வட்டத்துக்குத் தள்ளி நின்றால், எழுந்துபோய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைக்கிறான். ஆனால் சாப்பிடும்போது இரண்டு கவளத்துக்கு ஒரு தரம் கை நின்றுவிடுகிறது. அப்போது ஷெட் கூரையின் விளிம்பைப் பார்க்கிறான். அங்கே ஒன்றும் இருப்பதில்லை. நானும் பார்க்கிறேன்.